பின்பாட்டுக்கு உட்கார்ந்த என் தங்கை

அடக்க ஆராதனைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த தாளில் என் தங்கை பிறந்த ஊர் சிவகாசி என்று அச்சாகியிருந்தது. அது தவறு. அவர் பிறந்தது சாத்தூரில். சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆயுள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவன் நான். என் வீட்டுத் தாளிலேயே பிழை வந்துவிட்டது. அதைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் பேனாவால் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரை நானே இரண்டு முறை படித்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

எங்கள் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் ஆறு பேர். தங்கியவர்கள் மூன்று பேர். மூத்தவன் நான், நடுவில் ஒரு தம்பி, கடைசி தங்கை. எனக்குப் பதினொரு வயது இளையவர். உயிரோடு இருந்தவரை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுவது கைக்குப் பழகவில்லை. ஆனாலும் இது பலர் கைக்குப் போகும் மலர். முறைப்படிதான் எழுத வேண்டும்.

அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியர். அம்மா தையல். தங்கை ஆசிரியப் பயிற்சி முடித்ததும் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே பள்ளிதான். கல்யாணமாகி ஒன்பதாம் ஆண்டில் மாப்பிள்ளை மஞ்சள்காமாலையில் தவறிவிட்டார். கையில் ஒரே மகள், ஜெபா. மறுமணத்துக்குப் பலரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தங்கை கேட்கவில்லை. சாத்தூரிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பாடம் நடத்தி, மகளை நர்சிங் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். தலைவலி, காய்ச்சல் என்று அவர் விடுப்பு எடுத்ததாக எனக்கு நினைவில்லை. வேலை ஓய்ந்தபின் நான் சாத்தூருக்கு வந்து அவருடைய அடுத்த வீட்டிலேயே குடியிருந்ததால் இனி எழுதுவதெல்லாம் நான் நேரில் பார்த்தது, அல்லது அன்றன்று மாலையில் அவர் வாயால் கேட்டது.

உறவினர்களில் பலருக்குத் தங்கை நல்ல டீச்சர் என்று தெரியும். வில்லுப்பாட்டு விஷயத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ‘கோயில் பாட்டுக்காரியோடு சேர்ந்து மெமோ வாங்கினாள்’ என்று சிலர் பேசுவதும் என் காதுக்கு வந்தது. நடந்தது இதுதான்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். தங்கை அப்போது ஐந்தாம் வகுப்பு டீச்சர். அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஒரு பிள்ளையும் கேள்வி கேட்காது. “புரிஞ்சுதா?” என்றால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது டீச்சர்” என்று ராகம் போடும். சோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. தாயும் தகப்பனும் பயராபீசுக்கு, அதாவது பட்டாசுக் கம்பெனிக்கு, விடியுமுன் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவர்கள். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை, அதனால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கவில்லை என்று தங்கை முடிவு கட்டியிருந்தார்.

அந்த முடிவு ஒரு சாயங்காலம் பொய்த்துப்போனது. பள்ளி விட்டுப் பேருந்துக்கு நடந்து வருகிற வழியில் ஒரு சின்னக் கோயிலில் கொடைத் திருவிழா. பந்தலில் வில்லுப்பாட்டு நடக்கிறது. முன்வரிசையில் மாரீஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். வகுப்பில் பெயர் கேட்டால்கூட எழுந்து நின்று நகத்தைக் கடிக்கிற பிள்ளை. அங்கே பாட்டுக்காரம்மா ஒரு வரி பாடியதும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து “ஆமா!” என்று கத்துகிறாள். அதோடு விடவில்லை. “ஏ பாட்டி, ராசா மகன் தனியா எப்படிக் காட்டுக்குள்ள போனான்? காவக்காரன் தூங்கிட்டானா?” என்று குறுக்கே கேட்கிறாள். பாட்டுக்காரம்மாவும் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திவிட்டு, “அடி வாயாடி, அதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள ஒனக்கு அவசரம்” என்று பதில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறார்.

தங்கை அன்றைக்கு மூன்று பேருந்தைத் தவறவிட்டார். பாட்டு நிறுத்தி இளைப்பாறுகிற நேரத்தில் போய்ப் பேசியிருக்கிறார். பாட்டுக்காரம்மாவின் பெயர் பேச்சியம்மாள். கொடைக் காலத்தில் பாட்டு, மற்ற நாளில் பயராபீசில் சரம் பின்னுகிற வேலை.

“பள்ளிக்கூடத்துலயா? எம்புட்டு நேரம் பாடணும் டீச்சர்?”

“நாப்பது நிமிசம்.”

“நாப்பது நிமிசத்துல நான் வில்லையே கட்டி முடிக்க மாட்டேனே.”

தலைமையாசிரியரிடம் பேசி வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையையும் தங்கை வாங்கினார். செவ்வாயும் வெள்ளியும் பேச்சியம்மாளுக்குக் கொடை வரும். வியாழன் அவர் பயராபீசில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வருவதென்று ஏற்பாடு. சாமிக்குக் காப்புப் பாடாமல் வில்லைத் தொட மாட்டேன் என்று அவர் சொன்னதும், நம் சபையில் இரண்டு பேர் அதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்ததும் உண்மை. அந்தப் பிரச்சினையைப் பேச்சியம்மாளே தீர்த்தார். வியாழன் காலையில் வீட்டிலேயே காப்புப் பாடிவிட்டு, “அங்கன பாடி முடிச்சாச்சு, இங்கன கதை மட்டுந்தான்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

முதல் வியாழன் உருப்படவில்லை. நீர்ச்சுழற்சிப் பாடத்தைத் தங்கை அழகாகப் பாட்டாக எழுதிக் கொடுத்திருந்தார். பேச்சியம்மாள் அதை மனப்பாடம் செய்து ஒரு சொல் பிசகாமல் பாடினார். பிள்ளைகள் சர்ச்சில் பிரசங்கம் கேட்பதுபோல் கைகட்டிக் கேட்டார்கள். கடைசியில் “புரிஞ்சுது டீச்சர்” என்றார்கள்.

“டீச்சர், பாட்டு எழுதிக் குடுத்தீக. கேள்வியை யாரு கேக்குறது?” என்று பேருந்து நிறுத்தத்தில் பேச்சியம்மாள் சொன்னாராம். “பின்பாட்டுக்காரன் குறுக்க விழுந்து கேட்டாத்தான் கதை நகரும். எங்க செட்டுல எம் புருசன்தான் கேப்பாரு. ஒரு தடவ எங்கூடச் சண்ட போட்டுட்டு வாயத் தொறக்காம குடத்தை மட்டும் தட்டிக்கிட்டு இருந்தாரு. விடிய விடியப் போகவேண்டிய கதை, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு.”

“அப்ப நான் கேக்கேன்” என்றார் தங்கை.

அடுத்த வாரம் நாற்காலியை விட்டு இறங்கிக் குடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதுவும் சரியாக வரவில்லை. பதில் தெரிந்துகொண்டே கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பிறகு இருவரும் கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தங்கை பாடத்தின் தலைப்பை மட்டும் சொல்வார். பேச்சியம்மாள் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. தான் கேட்டு வளர்ந்தபடியே கதையாகப் பாடுவார். தங்கை தனக்கு உண்மையாகவே எழுகிற சந்தேகத்தை மட்டும் கேட்பார்.

மழையைப் பற்றி மறுபடியும் பாடினார்கள். மேகம் கடலில் இறங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து ஊருக்கு மேலே துப்புகிறது என்று பேச்சியம்மாள் பாடுகிறார். தங்கை குறுக்கே விழுந்தார்.

“நில்லுங்க. கடல்ல குடிச்ச தண்ணி உப்புக் கரிக்கணுமே. மழைத்தண்ணி ஏன் கரிக்கல?”

பேச்சியம்மாள் பாட்டை நிறுத்தி, வில்லில் கட்டியிருந்த மணியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “ஏ பிள்ளைகளா, டீச்சர் என்னைய மடக்கிப்போட்டாக. யாராவது காப்பாத்துங்க” என்றார். பிறகு மாரீஸ்வரி எழுந்து, “எங்க வீட்டுல கொழம்பு கொதிக்கும்போது மூடியில தண்ணி நிக்கும். அதை நக்கிப் பாத்திருக்கேன். அதுல உப்பே இருக்காது” என்றாள். உப்பு சட்டியிலேயே தங்கிவிடுகிறது, தண்ணீர்தான் மேலே போகிறது என்று அந்த ஒரு பிள்ளையின் வாயிலிருந்து பாடம் வந்துவிட்டது.

சில வாரம் பேச்சியம்மாள் திருப்பிக் கேட்பார். நிலா ஏன் பகலிலும் சில நாள் தெரிகிறது என்று கேட்டபோது தங்கை, “படிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்லுதேன்” என்றார். டீச்சருக்கும் தெரியாதது உண்டு என்று பிள்ளைகள் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அன்று மாலை என் வீட்டுக்கு வந்து பழைய அறிவியல் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கொண்டுபோனதைத் திருப்பித் தரவில்லை.

இருவருக்கும் சண்டையும் வரும். பாடம் முடிக்கும்போது நாலு வரியில் தொகுத்துச் சொல்ல வேண்டும் என்பார் தங்கை. “கதையக் கேட்டவுகளுக்கு மறுபடி எதுக்குக் கதை? வாழ்த்துப் பாடிட்டு எந்திரிக்கணும்” என்பார் பேச்சியம்மாள். இரண்டையும் செய்து பள்ளி மணி அடித்த பிறகும் வகுப்பு முடியாமல், தலைமையாசிரியர் சன்னல் வழியே கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்ற நாள்கள் உண்டு.

அந்தக் கல்வியாண்டு முடியும் முன் ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். பெயர் வேண்டாம். மோசமான மனிதர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் நுழைந்து சுகாதாரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார்.

“பிள்ளைகளா, தினமும் காலையிலே சீக்கிரம் எழுந்திருக்கணும்.”

“ஆமா!” என்றது வகுப்பு.

அலுவலருக்குச் சந்தோஷம். “பல் விளக்கணும்.”

“ஆமா, விளக்கணும்!”

“தினமும் குளிக்கணும்.”

மாரீஸ்வரி எழுந்துவிட்டாள். “ஐயா, செத்த நில்லுங்க. தினமும் குளிக்கணும்னு சொல்லிட்டீக. எங்க ஊருக் குழாயில வாரத்துக்கு ஒரு நாளுதான் தண்ணி வருது. மத்த நாளு எங்க போய்க் குளிக்க?”

“அதானே, எங்க போய்க் குளிக்க?” என்றது வகுப்பு.

“ஊர்ல கிணறு இருக்கும்ல?”

“கெணறு வத்திப்போய் எம்புட்டு நாளாச்சு! ஐயா நம்ம பக்கத்துக்குப் புதுசு போல!”

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் இப்படிக் கிண்டல் செய்தால்தான் பாடுகிறவருக்கு மரியாதை. கவனித்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். வகுப்பே சிரித்தது. பிள்ளைகள் அவருக்குச் செய்தது உபசாரம். அவருக்கு அது தெரிய வழியில்லை. முகம் சிவந்து, “யாருடா இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார்.

பிள்ளைகள் பெருமையாகச் சொன்னார்கள். “பேச்சியம்மா! எங்க டீச்சர் எங்களவிட நல்லாக் கேப்பாக!”

வெளியாளை வகுப்பில் விட்டது எப்படி என்று விளக்கம் கேட்டுத் தங்கைக்கு மெமோ வந்தது. பேச்சியம்மாள் இனிப் பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது என்று தாளாளர் சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் தங்கையிடம் நல்ல எண்ணத்தில்தான் பேசினார்.

“ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க டீச்சர். அந்தம்மா தானா வந்து வேடிக்கை காட்டினாக, பிள்ளைக பாத்துக் கத்துக்கிட்டாகன்னு. விசயம் இதோட முடிஞ்சுபோகும்.”

“வேடிக்கை ஒண்ணும் இல்ல சார். அவுக பாடம் நடத்தினாக. நானும் நடத்தினேன். ரெண்டு பேரும் சேந்துதான் நடத்தினோம்.”

அதையே எழுதியும் கொடுத்தார். கையெழுத்துப் போடும் முன் என்னிடம் காட்டினார். ஓர் இடத்தில் ஒற்று மிகவில்லை, திருத்தினேன். வேறெதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றிரவு ரத்த அழுத்தம் ஏறியது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது இது தேவையா என்று கேட்டேன்.

“அண்ணே, அவுக தானா வந்தாகன்னு நான் எழுதினா, அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவுக போக முடியாது” என்றார்.

வேலைக்கு ஆபத்து வரவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து எடுத்து ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். பேச்சியம்மாள் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, “எம்பாட்டாலதான் உங்களுக்கு இந்தக் கெதி. இனிமே என்னையக் கூப்பிடாதீக” என்று அழுதார். தங்கை காப்பி கொடுத்தார். “கூப்பிடத்தான் செய்வேன். எப்பன்னு மட்டும் இப்பச் சொல்ல முடியாது” என்றார்.

ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஒன்றாம் வகுப்பைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் வீட்டில் பேச்சுக் குறைவாக இருக்கும்.

பிறகு பாடமுறை மாறியது. பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் திரும்பி வந்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடவேண்டும், உள்ளூர்க் கலைஞர்களை வகுப்புக்கு அழைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் தாமே பேச்சியம்மாள் வீடு தேடிப் போனார். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த கனகா டீச்சரோடு அவர் பாட வேண்டும் என்பது ஏற்பாடு.

“அந்த டீச்சர் பின்பாட்டுக்கு உக்காந்தா வாரேன். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க” என்றாராம் பேச்சியம்மாள்.

“அவுக ஒண்ணாம் வகுப்பு இல்லம்மா?”

“ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வரச்சொல்லுங்க. ஆமா போட அதுகளுக்குத் தெரியாதா?”

அப்படித்தான் நடந்தது. வியாழக்கிழமைகளில் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தன. தங்கை மறுபடியும் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அதன்பிறகும் வியாழக்கிழமை தவறாமல் போனார். சட்டப்படி பார்த்தால் அப்போது அந்த அறையில் இரண்டு வெளியாட்கள். யாரும் மெமோ கொடுக்கவில்லை.

சிறுநீரகக் கோளாறு வெகுநாள் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்தபோது தாமதமாகிவிட்டது. மதுரைக்கு வாரம் இரண்டு முறை போய் வந்தோம். கடைசி இரண்டு மாதம் படுக்கைதான். தமக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டதில்லை. வியாழக்கிழமை என்ன ஆகும் என்பதே அவருடைய கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளையும் கனகா டீச்சரையும் வீட்டுக்கு வரச்சொன்னார்.

“நான் இனி வர முடியாது அக்கா. கனகா உக்காரட்டும்.”

“அந்தப் பிள்ளை எம்மூஞ்சியப் பாத்துப் பேசவே கூச்சப்படுது. அது எங்கன குறுக்க விழுந்து கேக்கப்போகுது? உங்களோட முடிஞ்சுது டீச்சர். நான் கொடைக்குப் பாடிக்கிடுதேன்.”

“இப்பப் பாடுங்க. அது கேக்கட்டும்.”

கட்டில் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துவைத்துத் தட்டிக்கொண்டு பேச்சியம்மாள் பாட ஆரம்பித்தார். கனகா டீச்சர் இரண்டு இடத்தில் “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டார்.

பேச்சியம்மாள் தட்டுவதை நிறுத்தினார். “அப்புறம் என்னன்னு கேக்க ஆளு எதுக்கு? செவரு போதும்.”

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை.

“அப்ப ஒண்ணு கேக்கேன்மா. எப்பவும் நீங்களே பாடுதீக, நாங்க கேள்வி கேக்கோம். பிள்ளைக பாடி நீங்க ஏன் கேள்வி கேக்கக் கூடாது? தப்பாப் பாடிருவாகன்னு பயமா? இல்ல, வீசுகோலை விட்டுக்குடுக்க மனசில்லையா?”

பேச்சியம்மாள் தங்கையைப் பார்த்தார். பல நாளாகச் சிரிக்காத தங்கை சிரித்தார், இருமல் வரும் அளவுக்கு.

“என்னையப் பாக்காதீக. கேள்வி உங்களுக்குத்தான்.”

“இம்புட்டு வருசத்துல நீங்க இதைக் கேக்கலியே டீச்சர்.”

“எனக்குத் தோணல அக்கா.”

பேச்சியம்மாள் குடத்தை நிமிர்த்தி வைத்தார். “சரி பிள்ள, வியாளக்கிழமை வாரேன். வில்லை யாரு சொமந்துட்டு வாரதுன்னு நீ பாத்துக்கோ” என்று கனகா டீச்சரிடம் சொன்னார்.

அந்த வியாழன் வகுப்பில் பிள்ளைகள் பாடியதைக் கனகா டீச்சர் வந்து தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னார். அடுத்த செவ்வாய் விடிகாலையில் தங்கை எங்களை விட்டுப் பிரிந்தார். ஜெபா பக்கத்தில் இருந்தாள். வலி அதிகம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அடக்கத்துக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தார். பெண்களோடு கடைசி வரிசையில் நின்றார். பாடவில்லை, பாடச்சொல்ல யாருக்கும் தோன்றவுமில்லை. மாரீஸ்வரியும் மேல்நிலைப்பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள்.

மதுரை மருத்துவமனை டாக்டருக்கும், இரவில் மாறி மாறி உட்கார்ந்திருந்த நர்சுகளுக்கும், அழைத்த நேரமெல்லாம் வண்டி ஓட்டிவந்த பக்கத்து வீட்டு அப்துல் காதர் தம்பிக்கும், ஆராதனை நடத்திய சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும், பாடகர் குழுவினருக்கும், நாற்காலியும் பந்தலும் கொடுத்து வாடகை வாங்க மறுத்தவருக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலை மட்டும் மூன்று முறை சரிபார்த்தும் யாரோ விட்டுப்போயிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

பேச்சியம்மாளுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிடலாம் என்று, போன வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தபோது ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்க வரவில்லை.

“அதெல்லாம் கிடக்கட்டும் அண்ணாச்சி. கனகா டீச்சர் பேறுகாலத்துக்கு லீவு போட்டுருக்கு. பின்பாட்டுக்கு ஆளில்ல. நீங்க வாங்க.”

“எனக்கு என்ன கேக்கத் தெரியும்?”

“பஸ்ஸு ஏன் பிந்துச்சு, பால்ல ஏன் தண்ணி, தெருவுல ஏன் லைட்டு எரியலன்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கீக. அதைப் பள்ளிக்கூடத்துல வந்து கேளுங்க.”

வரும் வியாழக்கிழமை போகிறேன். எனக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. நாற்காலி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாடம் என்னவென்று இரண்டு தடவை கேட்டேன். முன்கூட்டியே தெரிந்தால் நான் படித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்ல மறுத்துவிட்டார்.